பாரிஸ் மியூசியம் பாஸ்: ஐந்து பேருக்கும் வாங்கலாமா?

கோவைக்காரி:

வணக்கம். மே 16 சனிக்கிழமை சாயங்காலம் பாரிஸில் இறங்குகிறோம், 22 வெள்ளி மதியம் கிளம்பிவிடுவோம். ஞாயிறு முதல் வியாழன் வரை முழுசாக ஐந்து நாள் கையில் இருக்கிறது. ஹோட்டல் போட்டாயிற்று, விசாவும் வந்துவிட்டது. இப்போது வீட்டில் ஓடுகிற ஒரே பஞ்சாயத்து மியூசியம் பாஸ்தான்.

மொத்தம் ஐந்து பேர். நான், கணவர், மாமியார் (66 வயது, முழங்கால் தகராறு உண்டு, ஆனால் வாயைத் திறந்து சொல்லமாட்டார்), மகள் (14), அப்புறம் நாத்தனார் மகன். அவனுக்கு 24 வயது, ஜெர்மனியில் எம்எஸ் படிக்கிறான், அங்கிருந்து ரயிலில் வந்து எங்களோடு சேர்ந்துகொள்வான்.

கணவர் ஐந்து பேருக்கும் ஆறு நாள் பாஸ் வாங்கிவிடலாம் என்கிறார். "ஐம்பது இடத்துக்கு மேல் உள்ளே விடுகிறான், ஒவ்வொரு இடத்திலும் பர்ஸைத் திறக்க வேண்டாம், இன்னும் என்ன யோசனை" என்பது அவர் கட்சி. பந்தியில் இருபத்தைந்து வகை வைத்தாலும் வயிறு ஒன்றுதானே என்பது என் கட்சி. ஒரு யூரோ நூறு ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் ஐந்து பாஸை ரூபாயில் கூட்டிப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

கட்டாயம் பார்த்தே ஆக வேண்டியவை: ஈஃபில் கோபுரம் (மகள்), லூவ்ர் (எல்லாரும்), வெர்சாய் அரண்மனை (கணவர்), நதியில் படகு (மாமியார்). நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை, அதனால் ஓர்சே மியூசியமும், ஓவியர் மோனே வரைந்த அல்லிக்குளம் இருக்கும் ஒராஞ்சரியும் எனக்கு ரொம்ப நாள் ஆசை. அதை வீட்டில் உரக்கச் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விளம்பரம் மாதிரிப் பேசும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

—

கணக்குப்பிள்ளை:

2024 அக்டோபரில் நானும் மனைவியும் போனோம். என் கணக்கை அப்படியே வைக்கிறேன், விலை எல்லாம் அந்த ஆண்டு விலை, இப்போது ஏறியிருக்கிறது.

அப்போது 48 மணி பாஸ் 62 யூரோ, 96 மணி பாஸ் 77, 144 மணி பாஸ் 92. நாங்கள் நடுவில் உள்ளதை எடுத்தோம். எக்செல்லில் திட்டம் போட்டபோது எட்டு இடம் இருந்தது: லூவ்ர் 22, ஓர்சே 16, சான்ட் ஷபெல் தேவாலயம் 13, வெற்றி வளைவு 16, வெர்சாய் அரண்மனை 21, ஒராஞ்சரி 12.50, ரோடான் 14, பாந்தியோன் 13. கூட்டினால் 127.50 யூரோ. 77 கொடுத்து 127.50க்குப் பார்க்கிறோம், ஆளுக்கு 50 யூரோ லாபம் என்று விமானத்திலேயே மனைவியிடம் பெருமை பேசிக்கொண்டு போனேன்.

நடந்தது என்ன? லூவ்ரில் நுழைந்த அன்று வேறு எதற்கும் கால் வரவில்லை. வெர்சாய் ஒரு முழு நாளை விழுங்கிவிட்டது. ஒராஞ்சரி வாசலில் போய் நின்ற நாள் செவ்வாய், செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை. ரோடானும் பாந்தியோனும் அப்படியே நழுவிவிட்டன. கடைசியில் நாங்கள் பார்த்தது ஐந்து இடம், மொத்தம் 88 யூரோ. ஆக ஆளுக்கு 11 யூரோ மிச்சம். அந்த 11 கூட எப்படி வந்தது என்றால், நான்காம் நாள் சாயங்காலம் மனைவி ஓட்டலுக்குப் போகலாம் என்கிறாள், நான் "பாஸ் இருக்கே" என்று வெற்றி வளைவின் 284 படிகளையும் ஏற வைத்தேன். மேலே போய் நின்றால் ஊர் விளக்கெல்லாம் எரிய அருமையாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தப் படி ஏறாமல் விட்டிருந்தால் 72 யூரோவுக்குப் பார்த்துவிட்டு 77 கொடுத்த ஆளாக ஆகியிருப்பேன்.

அதனால் என் யோசனை, பாஸில் எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். ஒரு காகிதத்தில் ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம், அதற்கு மேல் எழுதக்கூடாது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். அதைக் கூட்டி வரும் தொகையை, பாஸ் விற்கும் சொந்தத் தளத்தில் இன்றைக்கு என்ன விலை காட்டுகிறதோ அதோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று, லூவ்ர் 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் நார்வே மாதிரிச் சில நாடுகளும்) வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ ஆகிவிட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு இது பாஸ் பக்கம் தராசைக் கொஞ்சம் சாய்க்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

—

வண்டிச்சக்கரம்:

வாங்காதீர்கள். நீங்கள் எழுதிய நான்கு கட்டாய இடங்களில் ஈஃபில் கோபுரம் பாஸில் இல்லை, படகு பாஸில் இல்லை. மிச்சம் இரண்டு. இரண்டு இடத்துக்கு ஆறு நாள் பாஸா? உங்கள் கணவரிடம் இதை மட்டும் காட்டுங்கள், போதும்.

—

லாச்சப்பல் தம்பி:

அக்கா, கொஞ்சம் பொறுங்கோ, ஒருவரும் முக்கியமான விசயத்தைச் சொல்லவில்லை. நான் பரிசில் இருபது வருசத்துக்கு மேல் இருக்கிறேன், ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற சொந்தக்காரரை எல்லாம் லூவருக்குக் கூட்டிக்கொண்டு போவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை மாதிரி ஆகிவிட்டது. மோனா லிசாவை நான் பார்த்த அளவுக்கு அந்த மனுசியின் சொந்தக்காரர் பார்த்திருக்கமாட்டினம்.

முதலாவது, உங்கள் மகளுக்கு 14 வயது. லூவர், ஓர்சே, வெர்சாய், வெற்றி வளைவு, இந்தப் பாஸில் இருக்கிற பெரிய இடங்களில் எல்லாம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம், எந்த நாட்டுப் பிள்ளை என்றாலும். பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். பிள்ளைக்குப் பாஸ் வாங்குவது காசைக் கொண்டுபோய் செய்ன் நதியில் போடுகிற வேலை.

இரண்டாவது, அந்த 24 வயதுப் பெடியன். அவர் ஜெர்மனியில் வதிவிட அட்டையோடுதானே இருக்கிறார்? ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தில் வசிக்கிற 26 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கும் இந்த அரச மியூசியங்கள் இலவசம். குடியுரிமை தேவையில்லை, வதிவிடம் இருந்தால் சரி. அந்த அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வரவேண்டாம் என்று இப்பவே சொல்லி வையுங்கோ.

ஆகவே ஐந்து பாஸ் இல்லை, அதிகம் போனால் மூன்று.

மூன்றாவது, இதுதான் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம். பாஸ் கையில் இருந்தால் நேரே உள்ளே போகலாம் என்று நினைக்கிறார்கள். லூவருக்கும் வெர்சாய்க்கும் பாஸ் வைத்திருக்கிறவரும் நாளும் நேரமும் குறித்துப் பதிய வேண்டும். பதிவதற்குக் காசு இல்லை, ஆனால் பதியாமல் போனால் உள்ளே விடுவதற்கு உத்தரவாதம் இல்லை. சான்ட் ஷபெலுக்கும் ஒராஞ்சரிக்கும் அப்படித்தான். இலவசமாகப் போகிற பிள்ளைகளுக்கும் லூவரில் நேரம் பதியத்தான் வேண்டும். போன கோடையில் மொன்றியலில் இருந்து வந்த என் சித்தப்பா குடும்பம் பாஸை முதலே வாங்கிவிட்டார்கள், நேரம் பதிவதைப் பிறகு ஆறுதலாகப் பார்ப்போம் என்று விட்டார்கள், இங்கே வந்து பார்த்தால் அவர்கள் நிற்கிற மூன்று நாளிலும் லூவருக்கு ஒரு நேரமும் காலி இல்லை. லூவர் வாசலில் இருக்கிற கண்ணாடிப் பிரமிட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுப் போனார்கள். அதனால் முதலில் நேரம் இருக்கிறதா என்று பாருங்கோ, இருந்தால் மட்டும் பாஸ்.

நான்காவது, மணிக்கணக்கு. பாஸ் முதல் வாசலில் ஸ்கேன் பண்ணின நிமிசத்திலிருந்து ஓடத் தொடங்கும், இடையில் நிற்பாட்ட ஏலாது. ஒரு இடத்துக்குள் ஒருமுறைதான். மழை, காய்ச்சல், வேலைநிறுத்தம், எதுவானாலும் மணிக்கூடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். வேலைநிறுத்தம் என்று நான் சும்மா சொல்லவில்லை, 2025 ஜூன் 16 காலையில் லூவர் ஊழியர்கள் சனம் தாங்க முடியவில்லை என்று வேலையை நிறுத்தினார்கள், பிரமிட்டைச் சுற்றிப் பெரிய வரிசை நின்றது. அதே வருசம் டிசம்பரிலும் வேலைநிறுத்தம். இது பிரான்ஸ், இங்கே அதுவும் ஒரு பருவகாலம் மாதிரி.

கிழமைகளையும் பாருங்கோ. திங்கள் ஓர்சேயும் வெர்சாயும் பூட்டு. செவ்வாய் லூவரும் ஒராஞ்சரியும் பூட்டு. லூவர் பூட்டின சனம் முழுக்கச் செவ்வாய்க்கிழமை வெர்சாய்க்குத்தான் ஓடும், அன்றைக்கு அங்கே போகாதையுங்கோ. பொம்பிடு மியூசியமும் சில பட்டியல்களில் இன்னும் கிடக்கிறது, அது 2025 செப்டம்பரில் திருத்த வேலைக்காகப் பூட்டியாச்சு, 2030 வரை திறக்காது.

பிறகு, மாமிக்கு ஒரு கோவில் காட்ட வேண்டும் என்றால் இங்கே பரிசிலேயே இருக்கிற லாச்சப்பலுக்கு வாங்கோ. மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது, அதைச் சுற்றி மரக்கறிக் கடையும் சாப்பாட்டுக் கடையும். அதற்குப் பாஸ் தேவையில்லை.

—

கோவைக்காரி:

தம்பி, கையெடுத்துக் கும்பிடுகிறேன். இரண்டு மாதமாக இந்த பாஸைப் பற்றிப் படிக்கிறேன், 26 வயதுக்குக் கீழே என்பதை நான் ஐரோப்பியர்களுக்கு மட்டும் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். பையனிடம் கேட்டேன், வதிவிட அட்டை இருக்கிறது, "ஆமா அத்தை, இது தெரியும், நீங்க கேக்கலையே" என்கிறான். என்ன செய்ய.

கணவரிடம் ஐந்து மூன்றாகிவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "சரி, மூணு பேருக்கு ஆறு நாள்" என்கிறார். ஆறு நாளை விடமாட்டேன் என்கிறார். வண்டிச்சக்கரம் எழுதியதையும் காட்டினேன், அதற்குப் பதில் இல்லை.

மாமியாருக்கு வயதுக்கான சலுகை ஏதாவது உண்டா? எங்கும் தெளிவாகப் போடவில்லை.

—

கணக்குப்பிள்ளை:

லூவ்ரில் மூத்தோர் சலுகை கிடையாது, நானே என் அப்பாவுக்காகத் தேடியிருக்கிறேன். ஆனால் உள்ளே சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள், அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். முழங்கால் தகராறு என்றால் வெட்கப்படாமல் கேளுங்கள். நடந்தே பார்த்துவிடலாம் என்று தொடங்குபவர்கள் பாதியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள், கூட வந்தவர்களும் பாதியில் நிற்க வேண்டியதாகிவிடும்.

—

சாம்பல் பூனை:

எல்லாரும் யூரோவை மட்டும் எண்ணுகிறீர்கள், நான் எதிர்க்கட்சியில் உட்கார்கிறேன்.

நான் தனியாகப் போனேன், 96 மணி பாஸ். கணக்குப் பார்த்தால் லாபம் பெரிதாக இல்லை. ஆனால் பாஸ் இருந்ததால் ஒரு காரியம் செய்ய முடிந்தது, பிடிக்கவில்லை என்றால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். டிக்கெட் வாங்கி உள்ளே போனால் நம் ஆட்களுக்கு அது வராது, 16 யூரோ கொடுத்திருக்கிறோமே என்று கடைசி அறையின் கடைசிப் படம் வரை பார்த்துத்தான் தீருவோம். எனக்கு ரோடான் சிற்பங்களில் மனம் ஒட்டவில்லை, தோட்டத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினேன், மனசு உறுத்தவில்லை. அதே மாதிரி மழைக்கு ஒதுங்கப் போய் கிமே மியூசியத்தில் நுழைந்தேன். ஆசியக் கலைக்கான மியூசியம், 1889இல் திறந்தது, எமில் கிமே என்ற தொழிலதிபர் சேர்த்தவற்றிலிருந்து வளர்ந்தது. டிக்கெட் வாங்க வேண்டும் என்றால் நான் நுழைந்திருக்கவே மாட்டேன். உள்ளே போனால் பதினோராம் நூற்றாண்டு நடராசர், நம் ஊர்ச் செப்புத் திருமேனி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அங்கே நிற்கிறார். சுற்றிப் பூவும் இல்லை, விளக்கும் இல்லை, கற்பூர வாசனையும் இல்லை. நான் சாமி கும்பிடும் ஆள் இல்லை, ஆனாலும் செருப்போடு நிற்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, காவலர் வந்து இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

அந்த மதியத்துக்கு எக்செல்லில் இடம் கிடையாது. கோவை அக்கா ஓவிய ஆசிரியை என்கிறார், அவருக்கு இது புரியும்.

—

வண்டிச்சக்கரம்:

தனியாகப் போகிற ஆளுக்குச் சரி. ஐந்து பேர் கூட்டமாகப் போகும்போது இருபது நிமிடத்தில் வெளியே வருவதா? கழிப்பறை தேடவே இருபது நிமிடம் ஆகும்.

நான் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனவன். ஒரு டூர் ஏஜென்சி மியூசியம், படகு, சிவப்பு மாடிப் பேருந்து எல்லாம் சேர்த்து மூட்டையாகக் கட்டிய பெரிய பாஸை என் தலையில் கட்டியது. பேருந்தில் ஒரு நாள் ஏறினோம், படகில் ஏறினோம், மியூசியம் இரண்டு. மூன்றாம் நாள் காலையில் அப்பா "இன்னைக்கு எங்கயும் போக வேண்டாம்டா, அந்தப் பூங்காவுல உக்காந்துட்டு வரலாம்" என்றார், நான் பாஸைக் காட்டி வாதம் செய்தேன். அப்பா வந்தார், பேசாமல் வந்தார். இப்போது அப்பா இல்லை. அந்த மூன்றாம் நாளை நினைத்தால் எனக்கு மியூசியமே ஞாபகம் வரவில்லை, லக்சம்பர்க் பூங்காவின் பச்சை இரும்பு நாற்காலிதான் ஞாபகம் வருகிறது, அதில் நாங்கள் உட்காரவே இல்லை.

மன்னிக்கவும், கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை.

—

லாச்சப்பல் தம்பி:

இதுவும் பதில்தான் அண்ணை.

—

கணக்குப்பிள்ளை:

சரி, கோவைக்காரியின் தேதிகளை வைத்து நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தேன், எனக்கு வேறு வேலை இல்லை என்று என் மனைவியும் சொல்லிவிட்டாள்.

ஆறு நாள் பாஸ் முதல் பார்வையிலேயே அடிபட்டுவிடுகிறது, ஏனென்றால் உங்களிடம் இருப்பதே ஐந்து நாள், அதில் திங்கள் ஒரு பாதி பூட்டு, செவ்வாய் ஒரு பாதி பூட்டு. ஆனால் 48 மணி பாஸில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு நாள் என்று சொல்கிறார்களே தவிர அது மணிக்கணக்கு, அதனால் மதியத்தை ஒட்டித் தொடங்கினால் மூன்று காலண்டர் நாளைத் தொடும். செவ்வாய் காலை 11 மணிக்குச் சான்ட் ஷபெலில் முதல் ஸ்கேன். அங்கிருந்து நதியோரமாகவே ஓர்சேக்கு வந்துவிடலாம், மதியம் முழுக்க ஓர்சே. புதன் காலை 9 மணிக்கு லூவ்ர், சாப்பிட்டுவிட்டு தோட்டம் வழியாக நடந்தால் அதன் மறுகோடியிலேயே ஒராஞ்சரி. வியாழன் காலை 11க்கு முன்னால் வெர்சாய்க்குள் நுழைந்துவிட்டால் அதுவும் இதே பாஸில். உள்ளே நுழையும் நேரம்தான் கணக்கு, வெளியே வரும் நேரம் இல்லை. பெரிய இடம் மூன்று, சின்ன இடம் இரண்டு, யாரும் செத்துப்போக வேண்டியதில்லை.

வெர்சாயில் மட்டும் ஒரு எச்சரிக்கை. தோட்டத்தில் இசையோடு நீரூற்று விடும் நாட்களில் தோட்டத்துக்குத் தனி டிக்கெட், பாஸ் அதற்குச் செல்லாது. எந்தக் கிழமை என்று அரண்மனைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்வாசல் முழுக்கக் கல் பாவிய தரை, மாமியாருக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள். தோட்டத்துக்குள் சின்ன ரயில் வண்டி ஓடுகிறது, அதில் ஏறிக்கொள்ளலாம்.

—

வண்டிச்சக்கரம்:

திட்டம் நன்றாக இருக்கிறது, யாருடைய திட்டம் என்பதுதான் கேள்வி. சான்ட் ஷபெலில் மேல் தேவாலயத்துக்குக் குறுகலான சுழல் படிக்கட்டு. கண்ணாடிச் சன்னல் எல்லாம் மேலேதான். முழங்கால் தகராறு உள்ளவருக்குப் பாஸ் வாங்கி, அவரைக் கீழே நிற்க வைக்கப் போகிறீர்களா?

—

சாம்பல் பூனை:

அந்தச் சன்னல்களைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஓவிய ஆசிரியை தவறவிடக் கூடாது. பதினைந்து சன்னல், 1,113 காட்சிகள், பதின்மூன்றாம் நூற்றாண்டு வேலை. வெயில் உள்ள நாளில் போங்கள். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் பை சோதனை விமான நிலையம் மாதிரி இருக்கும், அதற்கு எந்த பாஸும் உதவாது.

—

கோவைக்காரி:

நீங்கள் எல்லாரும் எழுதியதை நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசித்தேன். பூங்கா நாற்காலி பகுதியை வாசிக்கும்போது கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார்தான் முதலில் பேசினார். "எனக்கு அந்தச் சிரிக்கிற படத்தை ஒரு தடவை பாத்தா போதும், அரண்மனை ஒண்ணு, படகு ஒண்ணு. மத்த நேரம் நான் எங்கயாவது உக்காந்து ஆளுகளைப் பாக்கிறேன், அது இலவசம்தானே" என்றார். இவ்வளவு நாளாக யாரும் அவரைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அப்புறம் ஒவ்வொருவராக எழுதிப் பார்த்தோம். கணவருக்கு லூவ்ர், வெர்சாய், அவ்வளவுதான். ஓர்சே பற்றிச் சொன்னேன், "ரயில் நிலையத்தை மியூசியமாக்கிட்டாங்களா, ரயிலைக் காட்டுவாங்களா?" என்று கேட்டார். மாமியாருக்கும் அதே இரண்டு. இரண்டு இடத்துக்கு இருவருக்கும் தனித்தனி டிக்கெட்தான் சரி. மகளும் பையனும் இலவசம். ஆக பாஸ் ஒன்றே ஒன்று, 48 மணி நேரம், எனக்கு மட்டும்.

ஐந்து பாஸில் தொடங்கிய சண்டை இப்படி முடியும் என்று நினைக்கவில்லை. கணவர் நேற்று "அப்ப நீ மட்டும் தனியா போவியா?" என்று கேட்டார். போவேன் என்றேன். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் தனியாக ஒரு மியூசியத்துக்குள் போனதில்லை.

எனவே செவ்வாய் 11 மணிக்கு நான் சான்ட் ஷபெல், அதன்பின் ஓர்சே. அந்த நேரத்தில் மற்ற நால்வரும் லாச்சப்பல் போய்ப் பிள்ளையாரைக் கும்பிட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். புதன் காலை எல்லாரும் லூவ்ர், மாமியாருக்குச் சக்கர நாற்காலி, பையன் தள்ளுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். மதியம் அவர்கள் அறைக்கு, நான் ஒராஞ்சரி, நேரம் இருந்தால் நடராசர். வியாழன் எல்லாரும் வெர்சாய். என்னுடைய ஆறு இடத்தையும் தனித்தனி விலையில் கூட்டினேன், பாஸ் தெளிவாகக் குறைவு. கிமேயை விட்டுவிட்டால்கூடக் குறைவுதான்.

இரண்டு சந்தேகம். ஈஃபில் டிக்கெட் திங்கள் 18க்கு எப்போது திறப்பார்கள்? மெட்ரோவுக்கு வாரப் பாஸ் எடுக்கலாமா, அல்லது அதுவும் இதே கதையா?

—

லாச்சப்பல் தம்பி:

ஈஃபில் லிஃப்டுக்கு அறுபது நாள் முன்னமே விற்கத் தொடங்குவார்கள். மே 18 என்றால் மார்ச் 19 வாக்கில் அலாரம் வைத்து இருங்கோ, மேல் தட்டு ரிக்கெற் கெதியில் முடிந்துவிடும்.

மெற்றோ வாரப் பாஸ் திங்கள் தொடங்கி ஞாயிறு வரை, நீங்கள் எந்த நாளில் வாங்கினாலும் அதுதான் கணக்கு. உங்களுக்குத் திங்கள் முதல் வெள்ளி விமான நிலையம் போகிறவரை சரியாகப் பொருந்தும், வெர்சாய் ரயிலும் அதில் அடக்கம். அட்டைக்கு ஒரு சின்னப் படம் தேவை, ஊரிலேயே எடுத்துக்கொண்டு வாங்கோ. ஆனால் எல்லாருக்கும் வேண்டாம். மாமி இரண்டு நாள் பூங்காவில் இருக்கப் போகிறா என்றால் அவவுக்குத் தனி ரிக்கெற் மலிவு.

செவ்வாய் லாச்சப்பலுக்கு எத்தனை மணிக்கு வருவார்கள் என்று முதல் நாள் எழுதிவிடுங்கோ. மத்தியான பூசை முடிந்தால் கோவில் நடை சாத்திவிடுவார்கள். கொத்து ரொட்டிக் கடை நான் காட்டிவிடுகிறேன், பிள்ளைக்கு உறைப்புக் குறைத்துப் போடச் சொல்ல வேண்டும்.

—

கோவைக்காரி:

குறைக்க வேண்டாம். அவள் ஆந்திரா ஊறுகாயை வெறும் வாயில் தின்பவள்.

மார்ச் 19க்கு அலாரம் வைத்தாயிற்று. லூவ்ர் புதன் 9 மணிக்கு ஐந்து பேருக்கும் ஸ்லாட் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் பாஸுக்குப் பணம் கட்டுவேன், தம்பியின் சித்தப்பா பிரமிட்டுக்கு வெளியே நின்ற கதையைக் கணவர் இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தன் சொந்தக் கதை மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.